வகுப்பு வந்திருந்த கல்யாணம்

என் மகன் கல்யாணத்துக்கு ஒரு வகுப்பே கிளம்பி வந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. எல்லோரும் பென்ஷன் வாங்குகிற வயசு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படியேறுகிற வயசு. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை மத்தியானங்களில் எங்களைப் போன்றவர்களுக்குச் சமூக, பண்பாட்டு வரலாறு சொல்லித் தருகிறார்கள். நானும் அதில் சேர்ந்திருந்தேன். வரலாற்றின் மேல் ஆசைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் அது பொய். கணவர் போன பிறகு பல்லடத்தில் இருந்த தறிகளை விற்றுவிட்டு, மகனோடு இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தேன். அவன் சனிக்கிழமையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பான். மத்தியான நேரத்தில் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தத்தைத் தவிர எனக்கென்று ஒரு பேச்சும் கிடையாது. அதற்குப் பயந்துதான் போனேன்.

வகுப்பு முதல் மாடியில். மின்விசிறி சுற்றும், காற்று வராது. பெஞ்சுகள் எல்லாம் ஒல்லிப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. நாங்கள் உள்ளே நுழைவதற்கே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் பக்கத்தில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் உட்காருவார். நல்ல மனசு, பெரிய குரல். தன் காரில் என்னைக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதும் அவர்தான். எங்களுக்கு முன்னால், பழைய ஊருக்குள் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து மகன்களிடம் விட்டுவிட்ட ஒரு பாய். அவர் அதிகம் பேசமாட்டார்; வகுப்புக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பையில் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பார். பாடம் நடத்திய டீச்சருக்கு என் மகன் வயசுதான் இருக்கும்.

டீச்சர் ராஜாக்களைப் பற்றிப் பேசவே இல்லை. மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், செத்தவர்களை எப்படி அழுதார்கள், யார் யார் எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று இருந்தது, இப்படியே போகும் அவர் பாடம். ஒருநாள் கைம்பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம் என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை, எல்லாம் மனிதர்கள் ஆரம்பித்து வைத்தது, அவ்வப்போது மனிதர்களே மாற்றியும் இருக்கிறார்கள் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்னால் மட்டும் தலையாட்ட முடியவில்லை. மகனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேசமாட்டார்கள். கணவர் போன பிறகு ஒரு விசேஷத்திலும் என்னை யாரும் ஒதுங்கி நில் என்று சொன்னதில்லை. “நீங்க உக்காருங்க, உங்களுக்கெதுக்குச் சிரமம்” என்பார்கள். அந்தச் சிரமம் எனக்கு மட்டும்தான் வரும். மணமேடையில் கூட்டம் ஏறும்போது நாற்காலி ஒன்றை இழுத்துத் தூண் பக்கமாகப் போட்டுக் கொடுப்பார்கள். அதில் அன்பும் இருக்கும், அதனால் கோபப்படவும் முடியாது. மற்றவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் நானும் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை கல்யாணத்திலும் அப்படித் தூணோரம் உட்கார வேண்டியிருக்குமே என்பதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

எங்கள் கல்யாணங்களை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியவர். முகூர்த்த நேரத்தில் தாலி வைத்த தட்டை மாப்பிள்ளையின் தாய் எடுத்து அவர் கையில் கொடுப்பது எங்கள் குடும்பத்து முறை. தாய்க்குக் கணவன் இல்லையென்றால் பெரியப்பன் மனைவி கொடுப்பாள். ஒரு நிமிஷ வேலை. தட்டின் எடை கூட ஒன்றுமில்லை. ஆனால் பெற்று வளர்த்ததற்கு அந்த ஒரு நிமிஷம் என் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மகனிடம் சொன்னேன். “நீங்கதாம்மா குடுக்கணும், இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது” என்றான். அவனுக்குச் சுலபம்.

பழங்களை வாங்கிக்கொண்டு பல்லடம் பக்கம் அருமைக்காரர் வீட்டுக்கு நானே போனேன். கோழிப் பண்ணை வைத்திருப்பவர். தீவன விலை, மழை, அவர் பேத்தியின் படிப்பு என்று பேச்சு சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தட்டைப் பற்றி நேராகக் கேட்கவில்லை. பையனுக்கு நான் ஒருத்திதானே எல்லாம் என்றேன். அவன் ஆசைப்படுகிறான் என்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார், மறுபடியும் தீவன விலைக்கே போய்விட்டார். போன காரியம் ஆகவில்லை என்று நினைத்து எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவர், கோழிக்கொட்டாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தட்டு மேடை ஓரத்துல இருக்குமுங்க அம்மணி. நான் கைய நீட்டறப்ப பக்கத்துல யாரு நிக்கறாங்களோ அவிங்க எடுத்துக் குடுக்கப் போறாங்க. நான் யாருன்னு திரும்பிப் பாக்கறதில்லீங்க.”

எங்கள் பக்கத்தில் சம்மதம் என்பது இப்படித்தான் வரும். வாய்விட்டுச் சொன்னால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் நடந்துவிட்டால் அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த கல்யாணத்தில் இன்னொருத்தி நிற்பாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷத்தில் வந்த அழுகை.

அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். வங்கி அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படிப்பு முடிவதற்குள் ஆளுக்கொரு கள ஆய்வு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணெதிரே ஒரு வழக்கம் மாறப் போகிறதே, இதையே யாராவது எழுதலாமே என்று டீச்சர் கேட்டார். நான் எழுதுகிறேன் என்று வங்கி அம்மாள் கையைத் தூக்கினார். கல்யாணத்துக்கு எல்லோரும் வந்தால் எனக்கும் பெருமை என்றுதான் தோன்றியது. என் பக்கத்துக்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு யார் இருந்தார்கள்? பத்திரிகையில் மஞ்சள் தடவி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன்.

அதற்கடுத்த வாரங்களில் பேட்டி எடுப்பது எப்படி என்று பாடம் நடந்தது. பேச வருகிறவர் சுற்றி வளைத்தால் நாம் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒலிப்பதிவில் விழும்படி சத்தமாகக் கேட்க வேண்டும். பதில் புரியாவிட்டால் விடக்கூடாது. வங்கி அம்மாள் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். வேலையில் இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான் இருந்திருப்பார்.

கல்யாணம் அன்றைக்கு விடியற்காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் பட்டுப்புடவை, ஆண்கள் வேட்டி. என் மனசு நிறைந்துபோனது. எனக்கும் மகன் எடுத்துக் கொடுத்த அரக்குக் கலர் புடவை. தலையில் பூ இல்லாததைத் தவிர நானும் மாப்பிள்ளையின் தாய் மாதிரிதான் இருந்தேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மேடைக்குக் கீழே அருமைக்காரர் உட்கார்ந்து சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் என் கணவரின் அண்ணன். சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் மேடை ஓரத்தில், தட்டு வைத்திருந்த இடத்துக்கு எட்டுகிற தூரத்தில், ஒன்றும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் வங்கி அம்மாள் அருமைக்காரரிடம் போய்க் கும்பிட்டார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஐயா, இன்னிக்கு மாப்பிள்ளையோட அம்மாவே தாலித்தட்டு எடுத்துக் குடுக்கறாங்களாமா. கணவர் இல்லாதவங்க குடுக்கறது உங்க அனுபவத்துல இதுதான் மொதல் தடவைங்களா? இந்த முடிவை எப்படி எடுத்தீங்க?”

நாதஸ்வரக்காரர்கள் சரியாக அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். சுற்றியிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது; மகன் மட்டும் மாப்பிள்ளை அறையில் இருந்தான். அருமைக்காரர் போனைப் பார்த்தார். பிறகு என் கணவரின் அண்ணனைப் பார்த்தார். அந்த நிமிஷம் வரைக்கும் அருமைக்காரரால் ஒன்றும் தெரியாதவர் போல இருக்க முடிந்தது, இனி முடியாது. பொல்லாத மனுஷர் இல்லை. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அவரும் என்ன செய்வார்?

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே. பெரியவரூட்டு அம்மாதான் குடுப்பாங்க. எப்பவும் போலத்தானுங்க.”

வங்கி அம்மாள் விடவில்லை. அப்படியென்றால் அந்தம்மா கொடுக்கப் போவதில்லையா என்று இன்னொரு முறை கேட்டார். இல்லீங்க என்று அவரும் இன்னொரு முறை சொன்னார். என் கணவரின் அண்ணன் எழுந்து என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

“அம்மணி, பந்தியில பாக்கறதுக்கு ஆளில்லைங்கறாங்க. நீ கொஞ்சம் போய்ப் பாத்துக்கறயா, கண்ணு.”

போனேன். கீழ்த்தளத்துப் பந்தியில் ஆளுக்குக் குறைவே இல்லை. சமையல்காரர் ஆட்கள் இலை போட்டுக்கொண்டு போக, பின்னாலேயே இனிப்பு வைத்துக்கொண்டு போனார்கள். நான் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டம்ளராக ஊற்றினேன். மேலே கெட்டிமேளம் கொட்டியது. என் மகன் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது, நான் டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். டம்ளர் நிறைந்தது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், மேஜையெல்லாம் தண்ணீர். யாரோ ஜக்கை வாங்கினார்கள். பார்த்தால் பாய். எப்போது கீழே வந்தாரென்று தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி இலை வரைக்கும் அவரே ஊற்றிக்கொண்டு போனார்.

மேடையில் மகன் என்னைத் தேடியிருக்கிறான். பெரியம்மா தட்டை எடுத்ததும் அவன் முகம் மாறிப்போனதாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். சாயந்தரம் தனியாக இருக்கும்போது கேட்டான்.

“ஏம்மா வரல? கடைசி நேரத்துல பயந்துட்டீங்களா?”

நடந்ததைச் சொன்னால் புது மாப்பிள்ளை பெரியப்பனிடம் சண்டைக்குப் போவான். மறுவீட்டு விருந்து பாக்கி இருந்தது. மருமகள் வந்து ஒருநாள் கூட ஆகவில்லை. பந்தியில் வேலை இருந்தது என்றேன். அவன் எழுந்து போனான்.

தன் கேள்விதான் காரியத்தைக் கெடுத்தது என்று வங்கி அம்மாளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை காரில் போகும்போது அருமைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். உங்களிடம் ஒன்று சொல்லிவிட்டுச் சபையில் வேறு ஒன்று சொல்லிவிட்டார் பாருங்கள், நான் கேட்டதால்தான் அவர் சாயம் வெளுத்தது என்றார். எனக்காக அவருக்குக் கண் கலங்கியது. அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

கடைசி வகுப்பில் எல்லோருடைய கள ஆய்வையும் திரையில் போட்டு வாசித்தார்கள். எங்கள் கல்யாணமும் வந்தது. என்னைப் பற்றித் ‘தகவலாளர்’ என்று எழுதியிருந்தது. பந்தியில் ஜக்கோடு குனிந்திருக்கும் என் படமும் இருந்தது. கீழே வங்கி அம்மாள் அழகான தமிழில் எழுதியிருந்தார்: “தகவலாளர் முதலில் தட்டைக் கொடுக்க விரும்பினார். எனினும் முகூர்த்த நேரத்தில் அவர் பந்தியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுச் சென்றார். வழக்கத்தை அவர் இயல்பாக ஏற்றுக்கொண்டதாகவே தெரிகிறது.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்களே இங்க இருக்கீங்க. இது சரிங்களா? எதாவது மாத்தணும்னா சொல்லுங்க, மாத்திரலாம்.”

முன் பெஞ்சில் பாய் எழுந்துவிட்டார். “அப்படி இல்லீங்களே டீச்சர்” என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் பார்த்தேன். வங்கி அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ள ஆசையோடு காத்திருந்தார். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்பார். பதில் கிடைக்கிற வரைக்கும் விடமாட்டார். கிடைத்துவிட்டால் அந்த மனுஷியால் தாங்க முடியாது.

“சரிங்க” என்றேன். “அப்படியே இருக்கட்டுங்க.”

பாய் உட்கார்ந்தார். டீச்சர் அந்தப் பக்கத்தில் சரி போட்டார். எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகக் கட்டிக் கல்லூரி நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு யாராவது அதை எடுத்துப் படித்தால், அன்றைக்கு நானாக விரும்பித்தான் பந்திக்குப் போனேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மகன் இப்போதே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.