மோர்டென்ஸ்ருட்டில் ஒரு சீனக் கஷாயம்

"சீன மூலிகையை நிறுத்தவும், சில மூலிகைகள் கல்லீரலையே கெடுக்கும். மதுவையும் விடவும்." சென்ற மாதத் தேதியிட்ட இந்த மருத்துவர் குறிப்பை, ஆஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் ரயில் நிலையத்தில் ரஞ்சி எனக்குத் தமிழாக்கிச் சொல்கிறார். கல்லீரலில் தழும்பு விழுந்திருப்பது அவர் கணவர் குகனுக்கு. குகன் பயணச்சீட்டு வாங்கப் போயிருக்கிறார்.

"சீன மூலிகையைக் கொட்டிப்போட்டன் அண்ணை. இப்ப அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறது காஞ்ச பாவக்காய். அதைத்தான் அவிச்சுக் குடுக்கிறன்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா திரும்பப் பியருக்குப் போயிடுவார். சீன மருந்தோடை குடிச்சால் தலைமயிர் கொட்டும் எண்டு வெருட்டி வைச்சிருக்கிறன். டாக்குத்தருக்குப் பயப்பிடாத மனுசன், மொட்டைக்குப் பயந்து குடியை விட்டிட்டார்."

குகன் தலைமுடியைக் கோதிக்கொண்டே வருகிறார். பிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தருகிறார். கசப்பில் என் நாக்கு சுருள்கிறது.

"எப்பிடி? எங்கடை ஆக்களிட்டை இப்பிடி ஒரு மருந்து இருக்கோ?"

"இல்லவே இல்லை" என்கிறேன். ரஞ்சி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தழும்பு ஆறுகிறதா என்பதை அடுத்த ஸ்கேன் சொல்லும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த குகனுக்குப் பாகற்காயின் ருசி தெரியாமலா இருக்கும் என்பதை மட்டும் நான் இன்னும் சரிபார்க்கவில்லை.