வெள்ளிக்கிழமை வந்த பெமிக்கன்

பாரிஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மருத்துவமனையில் மொழிபெயர்க்க நான் கூடப் போவேன். எடை இன்னும் குறைந்தால் அடுத்த சிகிச்சையைத் தொடங்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அதைத் தமிழில் சொன்னேன். அவர் இடுப்புப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவருடைய அண்ணர் கனடாவில், சஸ்காச்சுவானில், லொறி திருத்தும் இடத்தில் வேலை செய்கிறார். அங்கே கூட வேலை செய்யும் கிறீ பழங்குடிக்காரர் ஒருவரின் வீட்டில் பெமிக்கன் செய்வார்கள்: காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பும் காட்டுப்பழமும் சேர்த்து இறுக்கிய கட்டி. முன்பு தூரப் பயணம் போனவர்களின் சாப்பாடாம். சின்னத் துண்டே போதும், வெந்நீரில் கரைத்துக் கஞ்சிபோலக் குடிக்கலாம், மாதக்கணக்கில் கெடாது என்று அண்ணர் தொலைபேசியில் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு அழைப்பிலும் இவர் அதைப் பற்றியே கேட்டார்.

அண்ணர் அதையும் கொண்டு வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. தம்பியின் மனைவி வெந்நீர் வைத்துவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார். ரூ காய் என்ற தமிழ்க்கடைத் தெருவில் உணவகச் சமையல்காரராக இருந்தபோதும், வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுக்கறிக்கு உப்புப் பார்க்க வேறொருவரைக் கூப்பிட்டவர் அவர். வருத்தக்காரனுக்கு என்ன விரதம் என்று அண்ணர் கேட்டார்.

"இண்டைக்கு வெள்ளி அண்ணை. நாளைக்குக் குடிக்கிறன். உது பழுதாகாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை காலை தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பவில்லை.

இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலன்று, மனைவி அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தார். நண்டு, கணவாய், ஆட்டு ஈரல். படத்துக்கு முன் வாழையிலை விரித்துப் படைத்தபோது, அண்ணர் பெமிக்கனில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்தார். மனைவி தடுத்தார்.

"வேண்டாம் அத்தான். விரும்பிச் சாப்பிட்டதைத்தானே வைக்கிறது. உதை அவர் வாயிலையும் வைச்சுப் பாக்கேல்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. கற்பூரம் காட்டி முடியும்வரை அண்ணர் அந்தத் துண்டைக் கையில் வைத்திருந்தார். கொழுப்பு இளகி விரல்களில் பட்டது.

பிறகு மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

"வியாழக்கிழமை வந்திருக்கலாம் தம்பி," என்றார். "ஒருநாள் முந்தி லீவு கேட்டிருந்தால் தந்திருப்பாங்கள். நான் கேக்கேல்லை."