ஓட்டையா, கோடா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீ குடிக்க எந்தக் கார் ஒதுங்கினாலும், கௌதம் அதன் முன்சக்கரத்தருகே போய்க் குந்திவிடுவான். என்ன கார், உள்ளே யார் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. சக்கரத்தின் இடுக்கில் செல்போன் வெளிச்சத்தை அடித்து, உள்ளே சுழலும் வட்டத் தகட்டைப் பார்ப்பான். பிரேக் பிடிக்கும்போது காரை நிறுத்துவது அந்த டிஸ்க்தான். அது வழுவழுவென்று இருந்தால், தோஷம் கண்டுபிடித்த ஜோசியக்காரர் போல "பிளெய்ன்" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுவான்.

ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், "ஏம்பா, காத்து கம்மியா இருக்குதா?" என்று கேட்டார்.

"நான் மெக்கானிக்கல் இன்ஜினியருங்க மேடம்."

"சரிப்பா, அப்பிடியே பின்டயரையும் பாத்துடு."

பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி. மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் சூப்பர்வைசர். பாக்கெட்டின் வாயை ஒட்டும் மெஷின் நின்றுபோனால் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். கம்பெனி ஆள் வரும்வரை அதன் பக்கத்தில் பொறுப்பான முகத்தோடு நிற்க வேண்டும். இதற்குத்தானா நான்கு வருடம் படித்தோம் என்று அவனுக்கு அவ்வப்போது தோன்றும். அப்பா பச்சமுத்துவுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. "எம்புள்ள இன்ஜின் சத்தத்த கேட்டே ஜுரம் எவ்ளோன்னு சொல்லிடுவான்" என்று உப்பளம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு, அவன் திண்டிவனத்தில் வாங்கிய பழைய வெள்ளைக் காரின் வழியாக வந்தது. உப்புக்காற்று அதன் டிஸ்கைத் தின்றுவிட்டிருந்தது. காலையில் பிடிக்கும் முதல் பிரேக், வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது போலக் கேட்கும். மெக்கானிக் அய்யனார் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கம்பெனி டிஸ்கே வாங்கிப் போட்டுடலாமா?" என்றார்.

கௌதம் சிரித்தான். கம்பெனி டிஸ்கை யார் வேண்டுமானாலும் போடலாம். அதற்கு ஓர் இன்ஜினியர் எதற்கு?

அவன் மனத்தில் இருந்தவை வேறு இரண்டு. ஒன்றில் சல்லடை போல ஓட்டைகள். அவற்றின் வழியே சூடு வெளியேறும். மற்றொன்றில் செதுக்கிய கோடுகள். அவை தண்ணீரையும் தூசியையும் வழித்துத் தள்ளும். பந்தயத்திலோ மலை இறக்கத்திலோ விடாமல் பிரேக் பிடித்துக் கொதித்துப்போகும் கார்களுக்கு இவை உதவும். மரக்காணத்தில் மலை என்று ஒன்று இருந்தால் அது தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்தான். கௌதம் நாற்பதைத் தாண்டி ஓட்டியதும் இல்லை; அவன் பிரேக் பிடிப்பதெல்லாம் ஆட்டுக்கும் வேகத்தடைக்கும்தான். இது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஒப்புக்கொண்டால் வந்த வாய்ப்பு போய்விடுமே!

எனவே ஆராய்ச்சி தொடங்கியது. காலையில் ஓட்டைக் கட்சியில் இருப்பான்; ஒரு வீடியோ பார்த்துவிட்டு மாலையில் கோட்டுக் கட்சிக்கு மாறுவான். கார் செங்கல்மேல் நின்றது. அதன் அடியில் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. அய்யனாரும் தன் பங்குக்கு, "ஓட்டையே போடுப்பா. பாக்கறதுக்கு அச்சுமுறுக்கு மாரி சோக்கா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தார்.

இதற்கிடையில் தங்கை பிரியங்காவுக்குத் திருமணம் நிச்சயமானது. மண்டபம் வானூரில். பெண்ணழைப்புக்குக் கார் அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது பச்சமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க. எம்புள்ள வண்டி இருக்குது. இன்ஜினியரு பாத்து செய்யற பிரேக்குங்க. எப்பிடி நிக்குதுன்னு நீங்களே வந்து பாருங்க."

பிரியங்கா அண்ணனைத் தனியாகப் பிடித்தாள். "ஓட்டையோ கோடோ, எனக்குத் தேவை நாலு சக்கரம். பட்டுப்புடவையோட ஷேர் ஆட்டோல கொண்டுபோயி எறக்குன, அப்புறம் ஜென்மத்துக்கும் எங்கூட பேசாத."

கௌதம் ஓட்டையைத் தேர்ந்தெடுத்தான். அய்யனார் மாட்டிக் கொடுத்தார். கல்யாண வேலையாக வீட்டுக்கு வந்தவர்களைக்கூடப் பச்சமுத்து சக்கரத்தருகே குந்தவைத்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

பெண்ணழைப்பு அன்று மதியம் காருக்குப் பூ கட்டிக்கொண்டிருக்கும்போது, கௌதமின் செல்போன் அவன் கேட்காமலே ஒரு வீடியோவைக் காட்டியது. ஓட்டை போட்ட டிஸ்க் ஒன்று. ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. அதைக் கையில் எடுத்தவர் அப்பளம் போல இரண்டாக உடைத்துக் காட்டினார். பந்தயத்தில் பழுக்கக் காய்ந்த டிஸ்க் என்று அவர் சொன்னது கௌதமின் காதில் ஏறவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தான். கோடு போட்டிருக்கலாமோ?

கழற்ற நேரமில்லை. பிரியங்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். பச்சமுத்து முன்சீட்டில்.

அனுமந்தை ஊரைத் தாண்டியதும் ஆடுகள் குறுக்கே வந்தன. கௌதமின் வலது கால் பெடலுக்கு மேலே போய் அப்படியே அந்தரத்தில் நின்றது. கண்முன் அப்பளம் உடைந்தது. காலை எடுத்துக்கொண்டு மூன்றாவது கியர், இரண்டு, ஒன்று என்று இறக்கினான். கார் முனகியபடி ஆடுகளின் பின்னாலேயே நடந்தது. பிறகு வேகம் கூட்டவே இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனார்.

"இன்னாண்ணே, ஊர்வலத்த இங்கருந்தே ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் பிரியங்கா.

"சும்மா இரும்மா," என்றார் பச்சமுத்து. "அதுல ஒரு கணக்கு இருக்கும்."

கௌதமுக்கு வியர்த்தது. கணக்கு ஒன்றும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிட்டது.

மண்டபத்து வாசலில் பேண்டு செட் சாலையை அடைத்துக்கொண்டு வாசித்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கைகளையும் விரித்து "வாங்க, வாங்க!" என்று எதிரே நடந்து வந்தார். கார் மெல்ல உருண்டு அவரை நெருங்கியது. பச்சமுத்து கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"சம்பந்தி, இப்ப பாருங்க, எப்பிடி நிக்குதுன்னு!"

கௌதம் பெடலின் பக்கத்திலிருந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். குனிந்து, டிஸ்கே இல்லாத பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான்.