நேரில் பார்த்ததாக எழுதிய பாலம்

பாலத்தை மூடிய காலையில் அங்கே இருந்தவர்கள் தடுப்புக் கம்பியைப் பற்றவைக்க வந்த ஒரு வெல்டர், அவரைக் கூட்டிவந்த பஞ்சாயத்து ஊழியர், மீன் கூடைகளோடு ஆறு பெண்கள். இல்லாதவன் நான். மூடச் சொன்னவனே நான்தான். நாவலூரில் ஏசிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே உப்பங்கழியின் மேல், கம்பிவடங்களில் நிற்கும் சின்ன நடைபாலம் அது. மீனவர் குப்பத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேறு குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு வடத்தின் அடியிலும் செப்புக் கம்பி சுற்றிய சென்சார் ஒன்று வளையமாகப் பூட்டியிருக்கும். எஃகு இழுபடும்போது அதன் காந்தக் குணம் லேசாக மாறும். அதை வைத்து, வடம் எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறது என்று சென்சார் சொல்லிவிடும். அந்த எண்களைப் பார்ப்பது என் வேலை.

கருங்குழியில் இருக்கும் அப்பாவுக்கு இதை விளக்கிப் பார்த்திருக்கிறேன். “கம்பிக்கு டாக்டரா நீ?” என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவருக்கு அதுவே போதும். நான் தங்கியிருக்கும் கேளம்பாக்கத்து அறைக்குத் தினமும் போன் செய்வார். “சாப்ட்டியா?” என்பார். “சாப்ட்டேன்.” அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது. சும்மா லைனில் இருப்போம்.

மூன்றாவது வடத்தின் எண் ஒரே நாளில் சரிந்தது. வடம் தளர்கிறது என்று அர்த்தம். அறிக்கைப் படிவத்தில் ‘நேரில் பார்க்கப்பட்டதா?’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஆபீசில் எல்லோரும் அதில் ‘ஆம்’ போட்டுவிடுவோம். ‘இல்லை’ என்றால் வண்டி, ஆள், அனுமதி என்று இழுக்கும். பாலத்தை மூடச் சொல்லி எழுதி, நானும் ‘ஆம்’ போட்டேன். நேரில் பார்த்தே சொல்கிறார்கள் என்று நம்பிப் பஞ்சாயத்தில் பாலத்தை மூடினார்கள். வேறு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

எண் அதற்குப் பிறகு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பழுதான வடமென்றால் இன்னும் இறங்கியிருக்கும்; அது உறுத்தியது. பதினோராவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

மூன்றாவது வடத்தில், சென்சாரை ஒட்டி, ஒரு இரும்பு நங்கூரம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. எஞ்சின் ரிப்பேராகிப் படகைக் கரையேற்றிய ஒருவர், களவு போகாமலிருக்க அங்கே பூட்டியிருக்கிறார். சென்சார் வடத்தோடு சேர்த்து அந்த இரும்பையும் படித்துக்கொண்டிருந்தது.

ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “பின்ன எங்க பூட்டுறது? உன் ஆபீசு கதவுலயா?” என்றவர், முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தார். சங்கிலியைக் கழற்றி அவர் பத்தடி நகர்ந்ததும் என் போனில் எண் பழைய இடத்துக்கே வந்து நின்றது. யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. போனை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

மேனேஜரை அழைத்தேன். “சென்சார் கோளாறுன்னு எழுதிடுப்பா. அந்தக் கட்டத்தப் பத்திப் பேச்சே வேணாம். வேல போயிடும், உனக்கு மட்டும் இல்ல” என்றார்.

தடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு அக்கா காலிக் கூடையோடு நின்றிருந்தார், மூடிய காலையில் அங்கே இருந்த ஆறு பேரில் ஒருவர். “இன்னாபா, பாலம் பொழைச்சிக்கிச்சா?”

“அதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. நான்தான் வந்து பாக்காமலே பாத்ததா எழுதிட்டேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்ச புள்ளையா நீ?”

அங்கேயே உட்கார்ந்து போனில் திருத்த அறிக்கை எழுதினேன். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று மாற்றி, முன்பு பொய்யாக ‘ஆம்’ போட்டதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். மறுநாள் பாலம் திறந்தது. செவ்வாயன்று என் வேலை போனது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று அறிக்கையை அனுப்பி முடித்ததும் அந்த அக்காவிடம், இத்தனை நாள் எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன்.

“ஆறு பேரும் சேந்து ஆட்டோ வெச்சிக்கினு சுத்திக்கினு போனோம். போவ வர முந்நூறு. ஒரு நாள் கூட நிக்கல, நின்னா மீன் நாறிப்பூடும்.”

பதினோரு நாள். மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.