அப்பா பெயருக்கு ஒரு பிரசண்ட்

காலை ஏழு மணிக்கு மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில் என் அப்பாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து "பிரசண்ட் மிஸ்" என்கிறேன். அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது அவர் மும்பைக்கு வந்ததே இரண்டு முறைதான். ஆனால் வாரத்தில் ஆறு நாள் சாவந்த், ஷேக், ஷிண்டே, சுப்பையா என்ற வரிசையில் அவர் இங்கே வந்துவிடுகிறார். இந்த ஊரில் எந்தப் பதிவேட்டிலும் குடும்பப் பெயர்தான் முதலில் நிற்கும், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு அப்படி ஒன்று கிடையாது, முன்னால் இருப்பது அப்பா பெயர் என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று விளக்க, நாற்பத்தேழு வயதில் எனக்குக் கூச்சம். காமர்ஸ் பிரிவில் இன்னொரு சுப்பையா இருக்கிறாளே, உங்கள் மகளா என்று இரண்டு பிரிவுக்கும் இங்கிலீஷ் எடுக்கும் மிஸ் ஒருநாள் கேட்டார். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும் என்று சிரித்து வைத்தேன். இப்போது முகம் தெரியாத அந்தப் பெண் வகுப்புக்கு வராத நாளெல்லாம் மிஸ் என்னிடம்தான் குறை சொல்கிறார்.

ஊரில் இருந்தபோதும் கல்லூரிக்குப் போயிருக்கிறேன். பிளஸ் டூ முடித்து, திருநெல்வேலியில் பி.ஏ. சேர்ந்தேன். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். முப்பத்தெட்டு நாள் போனேன். முப்பத்தொன்பதாம் நாள் அப்பாவும் கூடவே வந்தார். நேராக ஆபீசுக்குப் போய் என் சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றார். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில், "படிப்பு எங்க ஓடிப்போவுது, பம்பாய்ல இல்லாத காலேஜா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

இருபத்து நாலு வருடம் கழித்து, மகள் ஜெயா காலேஜுக்குப் போக ஆரம்பித்த பிறகு, நானும் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதலில் சர்நேம், அடுத்து சொந்தப் பெயர், கடைசியில் அப்பா அல்லது கணவர் பெயர். என் பள்ளிக்கூடச் சான்றிதழில் எஸ். முத்துலட்சுமி என்று இருந்தது. அந்த எஸ்ஸை விரித்து முதல் கட்டத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட பயமாக இருந்தது. அப்பா என்றுதானே முதலில் போட்டிருக்கிறது என்று அங்கேயும் அவரையே எழுதினேன். சுப்பையா முத்துலட்சுமி சுப்பையா. அப்பா இரண்டு பக்கமும் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல அடையாள அட்டை வந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முதல் வருடம் பாஸ் செய்தேன்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் இருமல் வந்தது. மழைக்காலம், சந்தில் எல்லோருக்கும்தான் இருமல் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் குழாயடியில் ரத்தமாக வந்து, மயங்கி விழுந்தேன். டிபி. சாதாரண மாத்திரைக்குக் கேட்காத வகை என்றார்கள். பதினெட்டு மாதம் மருந்து. முதல் சில மாதங்கள் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், பட்டறைக்கு மேலே தகரம் வேய்ந்த அறை. உடம்பு முப்பத்தாறு கிலோவுக்கு இறங்கியது. பிறகு ஏறியது. இடது நுரையீரலின் மேல்பாகம் மட்டும் சுருங்கியது சுருங்கியதுதான். கடைசி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், இனி பயமில்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார். வேறெங்கும் போகத் தோன்றவில்லை. கல்லூரிக்குப் போனேன்.

வகுப்பில் உட்கார விட்டார்கள். பரீட்சை விண்ணப்பம் கொடுக்கும்போதுதான் பிரச்சினை வந்தது. இடைவெளிக்கு மருத்துவச் சான்று வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் முதல் வருடத்திலிருந்து புதிதாகச் சேர வேண்டும் என்றார் ஆபீசில் இருந்த மராட்டிப் பெண். கோபமில்லாத, வேலை அதிகமான பெண். ஆஸ்பத்திரி ஃபைலைக் கொடுத்தேன். அதையும் என் அடையாள அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஃபைலில் நோயாளியின் பெயர் முத்துலட்சுமி ஆறுமுகம். ஆறுமுகம் என் கணவர்.

"ஏ பேஷண்ட் தோ தூஸ்ரீ ஹை" என்றார். இந்த நோயாளி வேறு யாரோ.

நான்தான் என்றேன். அப்படியானால் சுப்பையா யார், முதல் புருஷனா என்று கேட்டார். அப்பா என்றேன். அப்பா பெயர் கடைசியில் இருக்கிறதே, முன்னால் இருக்கும் சுப்பையா யார்? அவரும் அப்பாதான் என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டால்தான் என்ன என்று என்னை நிஜமான அக்கறையோடு கேட்டார். பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி வரும். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் வராது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்ததும் மராட்டிப் பெண்ணுக்கு நோயாளி நான்தான் என்று பட்டிருக்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். இரண்டு வழி சொன்னார். கல்லூரியில் பெயரைக் கணவர் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தால் அவரே இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வார். இல்லையென்றால் இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வர வேண்டும்.

வீட்டில் சொன்னபோது முதல் வழிதான் நல்லது என்றார் என் கணவர். அலைச்சல் இல்லை, ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, அப்போ நாலு வருசமா காலேஜுல எம்பேரே கெடையாதா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நல்லாருக்கு. சீக்குக்கு எம்பேரு, படிப்புக்கு ஒங்கப்பா பேரா?"

"ஆசுபத்திரில பேரு குடுத்தது ஒங்க மவ. நான் மயங்கிக் கெடந்தேன்" என்றேன்.

ஜெயா மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "ஃபார்ம்ல ஹஸ்பண்ட் நேம் கேட்டாங்கப்பா, அதான் போட்டேன். இதுக்குப் போயி க்யூன் டென்ஷன்?" என்றாள்.

அவர் விடவில்லை. "படிக்காதன்னு கூட்டிட்டு வந்தது மாமா. பீஸு கட்டுறது நானு. யாரு பேரு இருக்கணும், நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பில்லை. தகர அறைக்குக் கஞ்சி தூக்கிக்கொண்டு ஏறியவரும் அவர்தான். பட்டறையில் ஆட்கள் பயந்து நின்றுவிட்டபோது ஒருவார்த்தை சொல்லாமல் தானே மிஷினில் உட்கார்ந்தவர். இரண்டு நாள் யோசித்தேன். அப்பா மேல் எனக்குப் பெரிய பாசம் பொங்கியது என்று சொல்ல முடியாது. கேட்டுக்கு வெளியே சர்டிபிகேட்டை மடித்து வைத்துக்கொண்டு நின்ற மனிதர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார். அவர் வெளியே எடுத்துக்கொண்டு போன பெயர்தான் திரும்பி உள்ளே வந்திருக்கிறது. அது அவர் பெயராகவே இருந்து படிப்பை முடிக்கட்டும் என்று தோன்றியது. கணவரிடம் இதை இப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. "படிப்பு முடியட்டும், பெறவு மாத்திக்கிடலாம்" என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் அவர் பட்டறையைத் திறக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்த நோட்டரி?" என்று கேட்டார்.

மாட்டுங்காவில் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் நோட்டரி, அங்கேயே பிறந்து வளர்ந்த வயதான தமிழர். நான் பாதி சொல்லும்போதே கம்ப்யூட்டரில் எதையோ திறந்துவிட்டார். "நம்மவா வந்தாலே இந்தப் பேப்பர்தாம்மா, டைப் பண்ணியே வெச்சிருக்கேன்" என்றார். பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. சுப்பையா முத்துலட்சுமி சுப்பையா என்பவரும் முத்துலட்சுமி ஆறுமுகம் என்பவரும் ஒரே நபர் என்று நான் உறுதி கூறினேன். சாட்சிக் கையெழுத்தைக் கணவர் போட்டார். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். வெள்ளிக்கிழமை மராட்டிப் பெண் அதைக் குத்திக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். நன்றாக எழுதுங்கள் ஆறுமுகம் மேடம் என்றார். சரி என்றேன்.

லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும். மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்தால் எனக்கும் விடுவார்களாம். இன்னொரு காகிதத்தில் இன்னொரு பெயர் எழுத வேண்டும் என்பதால் கேட்கவில்லை. படியேறிப் போகிறேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நெஞ்சுக்குள் பழைய விசில் சத்தம் அடங்கும்வரை. சில நாள் அதற்குள் மேலே வகுப்பு தொடங்கிவிடுகிறது. சாவந்த். ஷேக். ஷிண்டே. சுப்பையா என்று கூப்பிடுவது கீழே எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. பதில் சொல்ல மூச்சில்லை. கூப்பிடப்பட்டவள் மேலே மூன்றாவது பெஞ்சில் இருக்க வேண்டியவள். படியில் நிற்பவள் ஆஸ்பத்திரி ஃபைலில் இருப்பவள். பதில் வராததால் மிஸ் மறுபடியும் அப்பாவைக் கூப்பிடுகிறார். நான் அடுத்த படியில் காலை வைக்கிறேன்.