பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டி

ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஓர் ஈரானியர் கடை. மழைக்கு ஒதுங்கிய எனக்குக் கடைக்காரர் கண்ணாடித் தம்ளரில் கறுப்புத் தேநீர் தருகிறார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுகிறேன். அவர் என்னையே பார்க்கிறார்.

“ஈரானுக்குப் போயிருக்கீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

ஊர் திரும்பியதும் எனக்கு அமெரிக்க விசா நேர்காணல். ஈரான் போனவன் என்றால் சிக்கலாம். “போட்டோவெல்லாம் அழிச்சிடுங்கப்பா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க” என்று அமெரிக்காவில் இருக்கும் மகள் சொல்லியிருக்கிறாள். வாஷிங்டனில் யாரோ போடும் கையெழுத்துக்கு இங்கே நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

“இல்லை. இது வீடியோவில் பார்த்தது.”

“நான் ஷிராஸ்காரன். ஊரை விட்டுப் பதினைந்து வருஷமாச்சு. போய்வந்தவங்க யாராவது கிடைச்சா, எப்படி இருக்குன்னு கேட்பேன். அதான்.”

ஷிராஸில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் என்னை வீட்டுக்கு அழைத்துப்போய் இப்படிக் குடிக்கக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் தெருவில் நின்று எடுத்த படத்தைப் போன வாரம்தான் அழித்தேன்.

கடைக்காரர் மறுபடியும் தேநீர் ஊற்றுகிறார். இந்த முறை சர்க்கரைக் கட்டியைத் தம்ளருக்குள் போட்டுக் கலக்குகிறேன்.