லயத்துக்கு வந்த சிப்பாய்ப் பேய்

2008இல், இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், பதினாறு வயது சசிக்குப் பேய் பிடித்துவிட்டதாகத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே நம்பியது. பையன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தூக்கத்தில் "வெடி தியபங்!" என்று சிங்களத்தில் கத்தினான். தமிழ்ப் பையன் எதற்காகச் சிங்களத்தில் 'சுடடா' என்று கத்த வேண்டும்? வடக்கில் நடக்கும் போரில் செத்த சிப்பாயின் ஆவி இறங்கியிருக்கிறது என்று பூசாரி முத்துவீரன் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை பிரம்பால் அடித்து விரட்டுவாராம். அடி பையனுக்கு விழாதாம், பேய்க்குத்தான் விழுமாம். இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. முந்திய வருடம் அவர் பேயோட்டிய பெண்ணுக்கு இன்றும் ஒரு காது கேட்காது.

சசியின் தாய் மூக்காயி றப்பர் மரங்களில் பால் வெட்டுபவள். வியாழன் காலை மழை பெய்ததால் பால்வெட்டு இல்லை. பள்ளிச் சீருடையோடு, ஆனால் பள்ளிக்குப் போகாமல் டவுன் பஸ்ஸில் ஏறிய மகனைக் கண்டு, பின்கதவால் அவளும் ஏறினாள். அவன் நுழைந்தது ஒரு இன்டர்நெட் கடை. உள்ளே கம்பியூட்டர்களுக்கு முன்னால் தமிழ், சிங்கள, முஸ்லிம் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கத்தியது ஒன்றைத்தான்: "வெடி தியபங்!"

"அடப்பாவிகளா, இத்தன பேருக்குமா சிப்பாய் புடிச்சிருக்கு?"

"மச்சான் சசி, உங்கம்மாடா! செத்த நீ!" என்றான் பக்கத்தில் ஆடிய பையன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அடிக்கவில்லை, கேட்டாள்.

"ஏன்டா இப்புடி?"

"கணக்கு வாத்தியார் போனதுல இருந்து ஆளே இல்ல. டிசம்பர்ல ஓ.எல். பரீட்ச. பழைய கேள்விப் பேப்பரப் பாத்தாலே நெஞ்சு அடைக்குதும்மா. அங்க நான் ஜெயிக்கிறேன். நிறுத்தத்தான் பாக்குறேன், முடியல."

வெள்ளிக்கிழமை மாலை முத்துவீரன் பிரம்போடு வந்தார். வேடிக்கை பார்க்க லயமே திரண்டது. சசியின் அப்பா கந்தையா பலிக்குக் கோழியும் வாங்கி வைத்திருந்தார். மூக்காயி வாசலை மறித்தாள்.

"எம்புள்ள மேல கைய வச்சிப் பாருங்க, அந்தப் பெரம்பு ஒங்க முதுகுலதான் ஒடையும்."

"ஒன்னையும் புடிச்சிருச்சு, மூக்காயி."

"புடிக்கட்டும்! பேய் பாக்க வந்த அத்தன பேரும் திங்கக்கெழம கல்விக் கந்தோருக்கு வாங்க. வாத்தியாரக் கேப்போம்."

"வேலைக்கு நிக்காம அங்க போனா வேல போயிடும்டி," என்றார் கந்தையா. அவள் வாசலை விட்டு நகராததால் முத்துவீரன் பிரம்போடு திரும்பிப் போனார்.

பேய் பார்க்க ஒரு லயமே வந்தது. வாத்தியார் கேட்கப் போனது அவளும் பக்கத்து வீட்டுத் துஷ்யந்தியும் மட்டும். ஒரு பிள்ளையின் முதுகு கிழிவதைப் பார்க்க நேரமுள்ள சமூகத்துக்கு அவன் படிப்பைக் கேட்க நேரமில்லை. கல்விக் கந்தோர் அதிகாரிகளோ அவர்கள் போன ஒவ்வொரு முறையும் "பார்ப்போம்" என்றார்கள். தோட்டத்துப் பிள்ளை கணக்குப் படிக்காவிட்டால் அவர்களுக்கு என்ன நட்டம்? பால் வெட்ட ஆள் கிடைக்கும்.

சசி உடனே திருந்தவில்லை. தாயைத் திட்டினான், சுவரில் குத்தினான், கடைக்கு ஓடினான். அவள் போய்க் கூட்டி வந்தாள். மறுபடி ஓடினான். மறுபடி கூட்டி வந்தாள்.

கணித ஆசிரியர் வந்தார், பரீட்சை முடிந்த பிறகு. சசி கணக்கில் சித்தியடையவில்லை. அன்றைக்கே அடிக்க விட்டிருந்தால் பையன் பாஸ் பண்ணியிருப்பான் என்று முத்துவீரன் வெட்கமில்லாமல் சொல்லித் திரிந்தார்.

அடுத்த வருடம் சின்னப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் சசி மீண்டும் உட்கார்ந்தான். வெட்டிய பாலை நிறுக்கப் போகும் வழியில் மூக்காயி வாளியை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள், வாத்தியார் வந்திருக்கிறாரா என்று.